மாத்திரையைக் கொடுக்கலாம், அளவை மாற்றலாமா? வீட்டு உதவியாளரும் மருந்தும்: தெரிந்துகொள்ள ஒரு பாடம்



இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு வீட்டை மனசுல நெனச்சுப் பாருங்க. தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. மகனுக்கு மஸ்கட்டில் வேலை, மகள் சென்னையில். வீட்டில் 72 வயது அம்மா மட்டும்தான். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. தினமும் காலையில் 20 யூனிட் இன்சுலின் போட வேண்டும். அம்மாவோடு இருக்க ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் அவரை 'ஹோம் நர்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஒருநாள் இன்சுலின் குப்பி தீர்ந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் நாகர்கோவிலில் இருந்து புதுக் குப்பி வாங்கி வந்தார். அதே இன்சுலின்தான், ஆனால் குப்பியில் 40 என்பதற்குப் பதிலாக 100 என்று போட்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் வழக்கம்போல பழைய சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, 20 என்ற கோடு வரை நிரப்பி, ஊசி போட்டார். அம்மாவின் உடம்புக்குள் போனது 20 யூனிட் இல்லை, 50 யூனிட்!

இந்த வீடு நாம் கற்பனை செய்த வீடு. ஆனால் இந்தக் கணக்கு நிஜம். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அந்தப் பெண் பாசமாகப் பார்த்துக்கொள்பவர்தான். ஆனால் செவிலியர் பார்க்க வேண்டிய ஒரு வேலை, யாரும் முறையாக ஒப்படைக்காமலேயே அவர் கைக்குப் போய்விட்டது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். மருந்து கொடுக்கும் வேலையை, செவிலியர் அல்லாத ஒருவரிடம் எந்த அளவுக்கு விடலாம்? எதை விடக் கூடாது? ஒரே வரியில் சொன்னால்: மருந்தை எடுத்துக் கொடுக்கும் கை மாறலாம், எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்யும் பொறுப்பு மாறக் கூடாது.

1. யார் செவிலியர், யார் உதவியாளர்?

நம் குமரி மாவட்டத்திலும் பக்கத்துக் கேரளத்திலும் 'ஹோம் நர்ஸ்' என்ற சொல் சர்வ சாதாரணம். வீட்டோடு தங்கி நோயாளியைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, துணைக்கு இருப்பவர் எல்லாருக்கும் இந்தப் பெயர்தான். ஆனால் ஹோம் நர்ஸ் என்று அழைக்கப்படும் எல்லாரும் சட்டப்படி நர்ஸ் ஆகிவிட மாட்டார்கள்.

சட்டப்படி செவிலியர் என்றால், அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, மாநில கவுன்சிலில் பதிவு செய்தவர். பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு 3 ஆண்டு, ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு. நம் மாநிலத்தில் இவர்களைப் பதிவு செய்வது தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சில். 1926 ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் வந்துவிட்டது. அகில இந்திய அளவில் படிப்பின் தரத்தைப் பார்த்துக்கொள்ள 1947 இல் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

உதவியாளர் என்பவர் வேறு. சிலர் சில மாதப் பயிற்சி பெற்றிருப்பார்கள், சிலர் அனுபவத்தில் கற்றிருப்பார்கள். அவர்கள் செய்யும் வேலைக்கு மதிப்புக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமா? ஆனால் மருந்தியல் அவர்கள் படித்தது இல்லை. படிக்காத பொறுப்பை அவர்கள் தலையில் வைப்பது நோயாளிக்கு ஆபத்து, அந்த உதவியாளருக்கும் அநியாயம்.

அமர்த்தும் முன்பே கேளுங்க: "நீங்க பதிவு செய்த செவிலியரா? உங்க பதிவு எண் என்ன?" பதிவு செய்தவர் என்றால் கவுன்சில் கொடுத்த பதிவுச் சான்று இருக்கும். தேசியப் பதிவேட்டில் சேர்ந்தவருக்கு தனி அடையாள எண்ணும் இருக்கும். சான்றைப் பார்க்கக் கேட்பது தப்பே இல்லை. "சான்று இல்லை, பார்த்துக்கொள்ளும் வேலைதான்" என்று பதில் வந்தால் அதுவும் நல்லதே. யாரிடம் எதை விடலாம் என்று தெளிவாகிவிட்டது.

2. சட்டம் என்ன சொல்கிறது?

"ஒரு செவிலியர் இன்னின்ன வேலையை உதவியாளரிடம் கொடுக்கலாம்" என்று பட்டியல் போட்டுச் சொல்லும் சட்டங்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உண்டு. சில மாநிலங்களில் பயிற்சியும் தேர்வும் முடித்த 'மருந்து உதவியாளர்' என்ற தனிப் பணியிடமே இருக்கிறது. நம் செவிலியர் சட்டங்கள் பெரும்பாலும் படிப்பையும் பதிவையும் பற்றிப் பேசுகின்றன. அதனால் நாம் பல விதிகளைச் சேர்த்து வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, மருத்துவம் பார்ப்பது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019 இன் 34 ஆவது பிரிவுப்படி, பதிவு பெறாதவர் மருத்துவத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியென்றால், புதிதாக ஒரு மருந்தைத் தொடங்குவதும் டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் உதவியாளர் முடிவு செய்யும் விஷயம் அல்ல.

இரண்டாவது, சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவது. மருந்தகச் சட்டம், 1948 இன் 42 ஆவது பிரிவு, மருத்துவர் சீட்டின்படி மருந்தைத் தயாரித்து, கலந்து, வழங்கும் வேலை பதிவு செய்த மருந்தாளுநருக்கு உரியது என்கிறது. கடையில் மருந்தாளுநர் இருக்கிறாரா என்று பார்த்து வாங்குவது உங்கள் உரிமை.

மூன்றாவது, செவிலியரின் பொறுப்பு. இந்திய செவிலியர் கவுன்சிலின் நடத்தை நெறிமுறை, ஒரு பொறுப்பை ஏற்கும்போதும் பிறரிடம் ஒப்படைக்கும்போதும் அந்த நபரின் திறமையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது. அதாவது "அவங்கதான் செஞ்சாங்க" என்று செவிலியர் கை கழுவிவிட முடியாது. யாரிடம் கொடுத்தோம், அவருக்குத் தெரியுமா, சரியாகச் செய்தாரா என்று பார்க்கும் கடமை கொடுத்தவரிடமே இருக்கிறது.

நான்காவது, கவனக்குறைவு. கவனக்குறைவான செயலால் உயிர்போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆவது பிரிவு பாயும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தெரியாத வேலையை "சும்மா செய்ங்க" என்று உதவியாளரிடம் சொல்லும் முன் நாமும் யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

3. அரசுத் திட்டங்களிலேயே மூன்று நல்ல உதாரணங்கள்

"அப்படின்னா, செவிலியர் அல்லாதவங்க மருந்தே கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். நம் கண் முன்னாலேயே நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பாடம் கிடைக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த திட்டம் இது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கிறார். ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டு மருந்து எழுதப்பட்டவர்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார். வலி தணிப்புச் சேவைக்குச் செவிலியரும், இயன்முறை சிகிச்சைக்கு இயன்முறை மருத்துவரும் தனியாக வருகிறார்கள். இந்தப் பிரிவினையைக் கவனியுங்க. மாத்திரையைக் கொண்டுவருபவர் தன்னார்வலர். ஆனால் மாத்திரையைத் தீர்மானித்தவர் மருத்துவர். அளவு கூடினால் "நீங்களே இன்னொரு மாத்திரை சேர்த்துப் போடுங்க" என்று தன்னார்வலர் சொல்லக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்ல வேண்டும்.

"மக்கா, இன்னிக்கு பிரஷர் கூடக் காட்டுதே, ரெண்டு மாத்திர போட்டுரட்டா?" என்று நம் ஊர்ப் பாட்டி அந்தத் தன்னார்வலர் பெண்ணிடம் கேட்கலாம். "வேண்டாம் பாட்டி, டாக்டர் பாத்துச் சொல்லட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்பதுதான் சரியான பதில். இந்தப் பதிலைக் கேட்டால் "இவளுக்கு ஒண்ணும் தெரியல" என்று நினைக்காதீங்க. தன் எல்லை தெரிந்தவர் என்று மதிப்புக் கொடுங்க.

தேசிய குடற்புழு நீக்க நாள்: அங்கன்வாடிப் பணியாளரும் பள்ளி ஆசிரியரும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரே மருந்து. 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒரு முழு மாத்திரை. கண் முன்னாலேயே சாப்பிட வைக்க வேண்டும். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. யோசித்து முடிவெடுக்க எதுவுமே மிச்சம் வைக்கப்படவில்லை.

காசநோய் ஒழிப்புத் திட்டம்: நோயாளி மாத்திரை போடுவதை உறுதிசெய்ய 'சிகிச்சை ஆதரவாளர்' ஒருவர் இருப்பார். மருத்துவப் படிப்பு தேவையில்லை. முன்பு ஒவ்வொரு நோயாளிக்கும் முழுச் சிகிச்சைக்கான மாத்திரைகளும் அவர் பெயர் எழுதிய தனிப் பெட்டியில் வைக்கப்பட்டன. ஒருவர் மருந்து இன்னொருவருக்குப் போகவோ, பாதியில் தீரவோ கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

இவர்களுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1945 ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'கே' அட்டவணை, அரசின் சுகாதாரத் திட்டங்களின் கீழ் மருந்து வழங்கும் சுகாதாரப் பணியாளர், சமுதாயத் தன்னார்வலர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோருக்கு விற்பனை உரிமம் தேவை என்பதிலிருந்து விலக்கு தருகிறது. விலக்கு அரசுத் திட்டத்துக்காகத் தரப்பட்டது. அதைக் காட்டி யாரும் வீட்டுக்கு வீடு மருந்து விற்க முடியாது.

மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது? மருந்து முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. அளவு மாறாதது. கொடுப்பவருக்குப் பயிற்சி உண்டு. சந்தேகம் வந்தால் கேட்க மேலே ஒருவர் இருக்கிறார். கொடுத்ததற்குப் பதிவு இருக்கிறது. இதே ஐந்தும் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

4. ஒப்படைக்கும் முன் ஐந்து கேள்விகள்

அமெரிக்கச் செவிலியர் வாரியங்களின் தேசிய அமைப்பு, ஒப்படைப்புக்கு ஐந்து 'சரி'களைச் சொல்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ச் செவிலியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

சரியான வேலையா? காலை ஒரு பிரஷர் மாத்திரை கொடுப்பது ஒப்படைக்கலாம். குளுக்கோமீட்டர் அளவைப் பார்த்து இன்சுலின் அளவை முடிவு செய்வது ஒப்படைக்கக் கூடாது.

சரியான சூழ்நிலையா? அம்மா நிதானமாக, வழக்கம்போல இருக்கிறாரா? நேற்று ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர், சாப்பிட மறுப்பவர், மயக்கமாக இருப்பவர் என்றால் அன்று உதவியாளர் தனியாக முடிவு செய்யும் நாள் இல்லை.

சரியான ஆளா? எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியுமா? மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். படிக்கத் தெரியாதவர் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் எடுப்பார். கம்பெனி மாறினால் நிறமும் மாறிவிடும்.

சரியாகச் சொன்னோமா? "காலைல அந்த வெள்ள மாத்திரயக் குடுத்துரு" என்பது சொல்வது ஆகாது. பெயர், அளவு, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, என்ன நடந்தால் நிறுத்திவிட்டு போன் செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்து, திரும்ப அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்க.

சரியான கண்காணிப்பு உண்டா? வாரம் ஒரு முறையாவது மிச்ச மாத்திரையை எண்ணிப் பாருங்க. 30 மாத்திரை வாங்கி 10 நாள் ஆனால் 20 இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் ஏதோ தவறியிருக்கிறது.

5. பச்சை, மஞ்சள், சிவப்பு

பச்சை: உதவியாளரிடம் விடலாம். மருத்துவர் எழுதி, பல நாளாக அளவு மாறாமல் போட்டுவரும் மாத்திரைகளை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது. தண்ணீர் கொடுத்து விழுங்கினாரா என்று பார்ப்பது. போட்டதைக் குறித்து வைப்பது. மேலே தடவும் சாதாரணக் களிம்பு. சர்க்கரை, பிரஷர் அளவை எடுத்து எழுதி வைப்பது. அளவை எடுக்கலாம், அதற்கு மருந்து சொல்லக் கூடாது.

மஞ்சள்: செவிலியரோ மருத்துவரோ நேரில் கற்றுக் கொடுத்து, செய்யச் சொல்லிப் பார்த்து, "இவர் செய்யலாம்" என்று சொன்ன பிறகு மட்டும். அளவு மாறாத இன்சுலின், ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், கண் சொட்டு மருந்து, அளந்து கொடுக்கும் திரவ மருந்து இதில் வரும். ஒரு நோயாளிக்குக் கற்றுக்கொண்டதை வைத்து இன்னொருவருக்குச் செய்யக் கூடாது. இன்சுலின் போடுவதை வீட்டில் ஒருவராவது சேர்ந்து கற்றுக்கொள்வது நல்லது.

சிவப்பு: விடவே கூடாது. நரம்பு வழி ஊசி, டிரிப். புது மருந்தின் முதல் டோஸ் ஊசியாக இருந்தால் அது. மூக்குக் குழாய் வழியாக மருந்து கொடுப்பதைப் பயிற்சி இல்லாதவர் செய்வது. மார்பின் போன்ற வலுவான வலி மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையின் அளவை மாற்றுவது. தூங்கவில்லை என்று தூக்க மாத்திரையைத் தானாகக் கொடுப்பது. பழைய சீட்டில் மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைக் காய்ச்சலுக்குக் கொடுப்பது.

'தேவைப்பட்டால்' என்று எழுதும் மருந்துகள் தனி ரகம். சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். தேவையா இல்லையா என்று முடிவு செய்வதே ஒரு மருத்துவ முடிவுதான். அதனால் உதவியாளர் முதலில் போன் செய்து கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

சீட்டின் மற்ற குறிகளையும் தெரிந்துகொள்ளுங்க. 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. என்றால் இரு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதை மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் வைக்காதீங்க. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருக்கும் மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்தவை. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அவற்றைப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

6. இன்சுலின் கணக்கு: 20 எப்படி 50 ஆனது?

ஆரம்பத்தில் பார்த்த வீட்டுக்குத் திரும்புவோம். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. 40 க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 க்கு உரியதன் மூடி ஆரஞ்சு.

சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை நிரப்பினால் உள்ளே வருவது அரை மில்லி. 40 குப்பியில் இருந்து எடுத்தால் அது 20 யூனிட். 100 குப்பியில் இருந்து எடுத்தால் அதே அரை மில்லி 50 யூனிட். இரண்டரை மடங்கு! மாறாக, ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை 40 குப்பியில் இருந்து எடுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், ஏன் என்றே புரியாது. இன்சுலின் பேனாவுக்குள் இருக்கும் மருந்தை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் போடுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

ஆக விதி சுலபம்: குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுக் குப்பி வீட்டுக்கு வந்த அன்றே குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து, செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிக் கேட்ட பிறகே திறக்க வேண்டும். திறக்காத குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்க, ஃபிரீசரில் வைக்கக் கூடாது.

7. கையில் போன் இருக்கிறதே, இப்படிப் பயன்படுத்துங்க

மருந்துப் பட்டியல்: எல்லா மருந்தின் பெயர், அளவு, நேரத்தைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, போட்டோ எடுத்து, உதவியாளர் போனிலும் பிள்ளைகள் போனிலும் வைத்துக்கொள்ளுங்க. மேலே தேதி போடுங்க. மருந்து மாறினால் பழைய போட்டோவை அழித்துவிட்டுப் புதுசைப் போடுங்க. இரண்டு பட்டியல் இருந்தால்தான் குழப்பமே.

அலாரம்: ஒவ்வொரு வேளைக்கும் ஒரு அலாரம். கொடுத்த பிறகு தாளில் டிக் போட வேண்டும். கொடுக்கும் முன் போடக் கூடாது.

குடும்ப வாட்ஸ்அப் குழு: நல்லதுதான், ஒரு கட்டுப்பாட்டோடு. துபாயில் இருந்து மாமாவும் சென்னையில் இருந்து அண்ணனும் ஆளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜில் "இன்னிக்கு அந்த மாத்திரய நிறுத்திடு" என்று சொன்னால் உதவியாளர் யார் பேச்சைக் கேட்பார்? மருந்து விஷயத்தில் பேச ஒரே ஒரு ஆளைக் குடும்பம் தீர்மானியுங்க. அவரும் மருத்துவர் சொன்னதை மட்டுமே சொல்ல வேண்டும், எழுத்தில்.

தொலை மருத்துவம்: மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலை மருத்துவ வழிகாட்டுதலின்படி, நோயாளியின் சார்பில் பராமரிப்பாளரோ சுகாதாரப் பணியாளரோ கூட மருத்துவரிடம் பேச முடியும். இ-சஞ்சீவனி சேவையில் வீட்டில் இருந்தே மருத்துவரைக் கேட்கலாம். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும் 'எக்ஸ்' அட்டவணை மருந்துகளையும் பொதுவாகத் தொலை மருத்துவத்தில் எழுதித் தர மாட்டார்கள். அவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும்.

8. தவறு நடந்துவிட்டால்

முதல் வேலை, திட்டுவதை நிறுத்துவது. "சொன்னா ஏசுவாங்க" என்ற பயத்தில்தான் பல தவறுகள் மறைக்கப்படுகின்றன. வேலைக்குச் சேரும் அன்றே உதவியாளரிடம் சொல்லிவையுங்க: "தப்பு நடந்தா உடனே சொல்லு, உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டோம். மறைக்கதுதான் ஆபத்து."

இன்சுலின் அதிகமானால் வியர்வை, நடுக்கம், பசி, படபடப்பு, பேச்சுக் குழறல், குழப்பம் வரலாம். சர்க்கரை அளவு 70 க்குக் கீழே இருந்தாலோ, கருவி இல்லாமல் இந்த அறிகுறி தெரிந்தாலோ, நினைவு இருந்து விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்க. 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்க. சரியானது போலத் தெரிந்தாலும், அதிகமாகப் போன இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்யும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீங்க, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108 க்கு அழையுங்க. இராஜாக்கமங்கலம் சுற்று வட்டாரத்துக்கு ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது குப்பி, சிரிஞ்சு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்க.

உயிருக்கு ஆபத்து இல்லாத மருத்துவச் சந்தேகங்களுக்கு 104. மருந்தால் ஒவ்வாமையோ எதிர்பாராத பக்கவிளைவோ வந்தால் மருத்துவரிடம் சொல்வதோடு, மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024 இலும் தெரிவிக்கலாம். அரசுச் சேவையில் குறை இருந்தால் முதலமைச்சர் உதவி மையம் 1100. பணம் வாங்கிக்கொண்டு 'பதிவு செய்த நர்ஸ்' என்று சொல்லி அப்படி இல்லாதவரை ஏஜென்சி அனுப்பியிருந்தால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் சொல்லலாம். அதற்குத்தான், அமர்த்தும்போதே அவர் செவிலியரா உதவியாளரா, என்னென்ன வேலை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம்.

9. உங்களை நீங்களே சோதித்துப் பாருங்க

கேள்வி 1: தன்னார்வலர் பார்த்தபோது பிரஷர் அதிகம். மாத்திரையை இரண்டாக்கச் சொல்லலாமா? விடை: கூடாது. அளவைக் குறித்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி 2: மூன்று வருடமாக ஒரே அளவில் போடும் காலை மாத்திரையை உதவியாளர் எடுத்துக் கொடுக்கலாமா? விடை: கொடுக்கலாம். எழுதிய பட்டியலும், டிக் போடும் தாளும், கேட்க ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

கேள்வி 3: அம்மா காலையில் சாப்பிடவில்லை. உதவியாளர் வழக்கமான இன்சுலினைப் போடலாமா? விடை: போன் செய்து மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்காமல் போடக் கூடாது. சூழ்நிலை மாறிவிட்டது, பழைய அனுமதி இன்று செல்லாது.

கேள்வி 4: குப்பியில் 100, சிரிஞ்சு மூடி சிவப்பு. என்ன செய்வது? விடை: போடாதீங்க. குப்பிக்கு உரிய சிரிஞ்சு வரும்வரை செவிலியரையோ மருத்துவரையோ கேட்டு நடங்க.

கேள்வி 5: செவிலியர் ஒருவர் உதவியாளரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். பொறுப்பு முடிந்ததா? விடை: இல்லை. சரியான ஆளிடம் கொடுத்தோமா, சரியாக நடந்ததா என்று பார்ப்பது அவர் கடமைதான்.

ஐந்துக்கும் சரியாகச் சொன்னீர்களா? அப்படின்னா இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்க. ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வீடியோ கால் போடுங்க. நலம் விசாரித்த பிறகு, கூட இருக்கும் உதவியாளரிடம் மருந்து டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எப்போது என்று அவரையே சொல்லச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்க. இன்சுலின் இருந்தால் குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் மூடியையும் கேமரா முன்னால் பிடிக்கச் சொல்லுங்க. எங்கே தடுமாறுகிறாரோ, அங்கேதான் நாம் இன்னும் சரியாக ஒப்படைக்கவில்லை.